ஐஸ்பிரேக்கர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹெச்.ஆர். துறையினருக்கும் டீம் லீட்களுக்கும் ஸ்க்ரம் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

வீட்டிலிருந்தும் வேறு வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் சேரும் ஆன்லைன் கூட்டங்களை வடிவமைத்து நடத்திக்கொடுப்பது எங்கள் வேலை. "மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு ஃபன் ஃபேக்ட் சொல்லலாமா?" என்று நீங்கள் உற்சாகமாகக் கேட்டதும் திரையின் பதினான்கு கட்டங்களிலும் ஒன்றாக இறங்குகிறதே ஒரு மௌனம், அதைப் பற்றித்தான் இந்த மடல். அது சோம்பலோ ஒத்துழையாமையோ இல்லை. சொன்னால் சுவாரசியமாக இருக்க வேண்டும், பின்னால் வம்பாகவும் கூடாது. அப்படி ஒன்றை அத்தனை பேரும் மனதுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டத்தின் தொடக்கத்தில் கூச்சம் போக நடத்தும் இந்த ஐஸ்பிரேக்கரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 19 அம்சங்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவற்றில் ஒன்று, அறையில் இருக்கும் அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா என்பது. அங்கே யாரும் ஃபன் ஃபேக்ட் கேட்பதில்லை. பெயரைச் சொல்ல ஒருமுறை வாயைத் திறந்த செவிலியருக்கு, நடுவில் ஏதோ சரியில்லை என்று படும்போது "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்வது கொஞ்சம் எளிதாகிறது. உங்கள் கூட்டத்திலும் தேவை அதேதான். புதிதாகச் சேர்ந்த டெஸ்டர் "இந்த ரிலீஸ்ல ஒரு சிக்கல் இருக்கு" என்று தயங்காமல் சொல்ல வேண்டுமானால், முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவருடைய குரலோ விரலோ ஒருமுறை வெளியே வந்திருக்க வேண்டும். ஐஸ்பிரேக்கருக்கு உள்ள வேலை அவ்வளவுதான். சிரிப்பு வந்தால் அது கொசுறு.

முதலில் கடிகாரக் கணக்கு. பதினான்கு பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 21 நிமிடம். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்குள் "மியூட்ல இருக்கீங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று பத்து விநாடி போகும்; அதைச் சேர்த்தால் 23 நிமிடத்தைத் தாண்டும். சிறு குழுக்களாக மென்பொருள் வேலை செய்யும் 'ஸ்க்ரம்' முறைக்கான வழிகாட்டி தினசரிக் கூட்டத்துக்குக் கொடுத்திருப்பதே 15 நிமிடம். நேரம் மட்டும் வீணானால்கூடப் பரவாயில்லை. வரிசையாகப் பேசவைத்தால், தன் முறை வருவதற்குச் சற்று முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்பது மனதில் பதிவதில்லை. 'அடுத்தது நான்' என்ற பதற்றம் காதை அடைத்துவிடுகிறது. மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973இலேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்று என்கிறீர்கள். அதே சுற்றுதான் கேட்கவிடாமலும் செய்கிறது. எனவே ஆறு பேருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவராகப் பேசும் சுற்று வேண்டவே வேண்டாம். ஆறு பேருக்குள் என்றால், ஆளுக்கு இருபது விநாடியில் முடிகிற கேள்வியாகக் கேளுங்கள்.

அடுத்தது, இந்தத் திரையின் சுபாவம். நேரில் பேசும்போது ஒருவர் கேள்விக்கும் மற்றவர் பதிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு சொல்வது இது. தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க வேண்டுமானால் குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. புளூடூத் ஹெட்செட், மொபைல் ஹாட்ஸ்பாட், கண்டம் தாண்டிய இணைப்பு என்று சேர்ந்துகொண்டால் அந்த எல்லை சுலபமாகத் தாண்டிப்போகும். அப்புறம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், இரண்டு பேரும் "சாரி" சொல்வார்கள். "யார் வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்" என்று விடுவது இதனால்தான் படுத்துவிடுகிறது. "எனக்கு இடப்பக்கம் இருக்கிறவர் அடுத்து" என்பதும் பலிக்காது. ஜூமில் கட்டங்களின் வரிசை ஆளுக்கு ஆள் வேறு. ஹோஸ்ட் தன் வரிசையை எல்லோருக்கும் பொருந்தும்படி அமைத்தால்தான் ஒன்றாக இருக்கும். பேச வேண்டியவர்களின் பெயர்களை வரிசையாகச் சாட்டில் ஒட்டிவிடுங்கள். பத்து விநாடி வேலை, பாதி குழப்பம் தீரும்.

கூடவே இன்னொன்று. எல்லாரும் சேர்ந்து கைதட்டுவது, சேர்ந்து பாடுவது, பிறந்தநாள் பாட்டு இவையெல்லாம் இங்கே எடுபடாது. ஆளாளுக்குத் தாமதம் வேறு என்பதால் தாளம் சேராது. கைதட்டலையும் ராகம் இழுப்பதையும் சத்தம் என்று எடுத்துக்கொண்டு இரைச்சல் வடிகட்டி வெட்டிவிடும். ஒருவர் மட்டும் பாடுவதென்றால் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கிவிட்டுப் பாடச் சொல்லுங்கள். அந்தாக்ஷரி நடத்தி அரைகுறையாகக் கேட்டதெல்லாம் பாடியவர் குற்றமில்லை.

இத்தனை இடைஞ்சலுக்கும் பிறகு எது வேலை செய்கிறது? பத்துப் பேருக்கு மேல் என்றால் எங்கள் முதல் சிபாரிசு சாட். ஆனால் சாதாரணமாக "சாட்ல போடுங்க" என்று சொல்லி விடாதீர்கள். அப்படி விட்டால் முதலில் தட்டியவரின் பதிலைப் பார்த்து மற்றவர்கள் தங்களுடையதை மாற்றிக்கொள்வார்கள். லீட் முதலில் தட்டினாரென்றால் கேட்கவே வேண்டாம். முறை இப்படி. கேள்வியை வாயால் சொல்லுங்கள், அதையே சாட்டிலும் ஒட்டுங்கள். "பதிலை டைப் பண்ணுங்க, என்டர் மட்டும் தட்டாதீங்க" என்று சொல்லி முழுதாக 45 விநாடி காத்திருங்கள். அந்த 45 விநாடியும் நடத்துகிறவருக்குத்தான் யுகமாகத் தெரியும். அதை நிரப்ப ஜோக் அடிக்காதீர்கள், டைப் செய்கிறவர்களின் கவனம் கலையும். பிறகு "மூணு, ரெண்டு, ஒண்ணு, தட்டுங்க." பதினான்கு பதிலும் ஒரேயடியாகக் கொட்டும். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு முதல் பதிலைச் சத்தமாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். வேண்டாம். முப்பது விநாடி எல்லோரும் தாங்களாகவே மேலும் கீழும் நகர்த்திப் படிக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டே இரண்டு பதிலை எடுத்து, எழுதியவரிடம் ஒரு வரி கேளுங்கள். மொத்தம் மூன்று நிமிடம்.

இதில் எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். யாராவது ஒருவர் முன்கூட்டியே என்டர் தட்டிவிடுவார். கண்டுகொள்ளாமல் போங்கள், கிண்டல் செய்தால் அடுத்த முறை அவர் எழுதவே மாட்டார். தாமதமாக நுழைகிறவருக்கு, ஜூமிலும் கூகுள் மீட்டிலும் பொதுவாக, நுழைவதற்கு முன் சாட்டில் வந்தவை தெரியாது. ஆகவே கேள்வியை இரண்டாவது முறை ஒட்டிவிடுங்கள். மொபைலில் இருப்பவருக்குச் சாட்டைத் திறந்தால் வீடியோ மறைந்துவிடும், "மூணு, ரெண்டு" எல்லாம் காதுக்குத்தான், எனவே சத்தமாகச் சொல்லுங்கள். தமிழில் பதில் வேண்டுமென்றால் தங்கிலீஷும் செல்லும் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகை பழகாதவர் ஒரு 'ழ'வைத் தேடுவதற்குள் உங்கள் 45 விநாடி முடிந்துவிடும்.

பேசித்தான் ஆக வேண்டும் என்றால், கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் பிரேக்அவுட் அறைகள். அறைக்கு மூன்று பேர். இரண்டு பேராகப் போட்டால், ஒருவருக்கு நெட் போகும்போது மற்றவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்கு பேராகப் போட்டால் ஒருவர் நழுவி ஒளிந்துகொள்வார். நேரம் ஐந்து நிமிடம், அறைக்குள் போய்ச் சேர்ந்து "கேக்குதா?" சொல்வதற்கே அரை நிமிடம் ஓடிவிடும் என்பதால் மூன்று நிமிடம் போதாது. அறைகளைத் திறப்பதற்கு முன்பே கேள்வியைச் சொல்லிவிடுங்கள், 'போட்டோ எடுத்து வச்சுக்கோங்க' என்றே சொல்லலாம். பொதுக்கூடத்தின் சாட்டில் பிறகு நீங்கள் எழுதுவது அறைகளுக்குள் போகாது, 'பிராட்காஸ்ட்' வழியாக அனுப்பினால்தான் தெரியும். ஜூமில் அறையை மூட நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருப்பவர்களுக்கு வழக்கமாக 60 விநாடி எண்ணிக்கை ஓடும். ஐந்து நிமிடம் என்றால் நான்காவது நிமிடத்தில் அழுத்துங்கள். குலுக்கல் முறையில் அறை பிரித்தால் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். மேனேஜரும், போன வாரம் சேர்ந்தவரும், அப்ரைசல் தகராறில் இருப்பவரும் ஒரே அறையில் விழுந்திருப்பார்கள். மேனேஜரைப் பொதுக்கூடத்திலேயே நிறுத்திக்கொள்வது உத்தமம். அறையிலிருந்து திரும்பியதும் "என்ன பேசினீங்க, ஒவ்வொரு டீமா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று பேருக்குள் நம்பிச் சொன்னது அது.

இனி கேள்விக்கு வருவோம். எங்களுக்கு உண்மையான மனத்தாங்கல் இங்கேதான். வெளிநாட்டுத் தளம் ஏதோ ஒன்றில் கிடைத்த ஐம்பது கேள்விகளை அப்படியே இறக்கி, சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கிறீர்கள். நம் ஊரில் சில சாதாரணக் கேள்விகள் சாதாரணமானவை அல்ல.

"சொந்த ஊர் எது?" இதற்குப் பின்னால் "அங்க எந்தத் தெரு?" வரும் என்பது பலருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெருப் பெயர் சாதியைச் சொல்லிவிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. "வீட்ல சண்டே ஸ்பெஷல் என்ன?" என்ற கேள்விக்கு மாட்டுக்கறி சமைத்தவர் சாம்பார் என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பார். "எந்த ஸ்கூல்?" என்றால் கான்வென்ட்டா கார்ப்பரேஷனா என்பது வெளியே வரும். "லீவுக்கு எங்க போனீங்க?" என்று கேட்டால் ஒருவர் பாலி என்பார், அடுத்தவர் தங்கை கல்யாணக் கடனுக்காக ஓவர்டைம் பார்த்தவராக இருப்பார். "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்ற கேள்வி விவாகரத்து ஆனவரையும், குழந்தைக்காகச் சிகிச்சையில் இருப்பவரையும் ஒரே வீச்சில் குத்தும்.

சின்ன வயதுப் படத்தைக் காட்டி யாரென்று கண்டுபிடிக்கும் விளையாட்டு எல்லா ஹெச்.ஆருக்கும் செல்லம். எல்லார் வீட்டிலும் அந்தக் காலத்தில் கேமரா இருந்ததா? 2004 சுனாமியிலும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் ஆல்பம் மொத்தமும் போன வீடுகள் உண்டு. குழுவில் ஈழத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால் இதைக் கேட்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லும் விளையாட்டும் இதே ரகம். ஒற்றை அறையில், அம்மா பின்னால் படுத்திருக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது விளையாட்டு இல்லை.

நாங்கள் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது வைக்கும் சோதனை இது: பத்து விநாடிக்குள் யோசித்துவிட முடிய வேண்டும், பணம், சாதி, மதம், கல்யாணம், உடம்பு இவற்றைத் தொடாமலே பதில் சொல்ல வழியிருக்க வேண்டும், ஒருவர் பொய் சொன்னாலும் யாருக்கும் நஷ்டம் இருக்கக் கூடாது. இந்த மூன்றிலும் தேறியவற்றில் சில: உங்கள் கீபோர்டில் எந்த எழுத்து முதலில் அழிந்தது? இப்போது ஜன்னலுக்கு வெளியே என்ன சத்தம்? ஒரு நாளில் எத்தனையாவது டீக்குப் பிறகு தலை வேலை செய்யத் தொடங்குகிறது? பழைய போனிலிருந்து புதிய போனுக்கு மாறியபோது தொலைந்துபோன ஒன்று? பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருள்? கடைசிக் கேள்விக்கு ஒருவர் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் அன்றைய கூட்டம் தப்பித்தது.

ஆழமான கேள்வி வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். அதற்கு உளவியலாளர் ஆர்தர் ஆரோன் 1997இல் வெளியிட்ட ஆய்வின் 36 கேள்விகளைக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வில் பேசியது இரண்டிரண்டு பேர். எடுத்துக்கொண்டது முக்கால் மணி நேரம். கேள்விகள் மூன்று கட்டமாக, லேசானதிலிருந்து படிப்படியாக உள்ளே போகும். அதிலிருந்து கடைசிக் கட்டக் கேள்வி ஒன்றைப் பிய்த்து, திங்கட்கிழமை காலை பதினான்கு பேர் நடுவில் "கடைசியா எப்ப அழுதீங்க?" என்று கேட்பது ஆய்வுமில்லை, அன்புமில்லை.

புதிய குழு முதன்முதலில் கூடும்போது மட்டும் நாங்கள் விடாமல் செய்யும் ஒன்று பெயர்ப் பயிற்சி. நம்மவர்களுக்கு இன்ஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்றதும் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அதற்குப் பிறகு அமெரிக்கக் கிளையன்ட் கார்த்திகேயனை வருடக்கணக்கில் "ஹாய் ராமசாமி" என்று கூப்பிட, அவரும் திருத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்பாவின் பெயருக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். செய்ய வேண்டியது சின்ன வேலை. ஜூமில் தன் கட்டத்தின் மேல் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, 'ரீநேம்' என்பதில் தான் கூப்பிடப்பட விரும்பும் பெயரை மட்டும் போட வேண்டும். பிறகு ஆளுக்கு ஐந்து விநாடி, பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்ல வேண்டும். கனிமொழியும் யாழினியும் 'ழ'வைச் சொல்லிக்காட்டட்டும், மற்றவர்கள் மியூட்டிலேயே சொல்லிப் பார்க்கட்டும். இது மட்டும் வரிசைச் சுற்றாக இருந்தாலும் பாதகமில்லை. சொல்ல வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் முன்பே தெரியும், பதற வேண்டியதில்லை.

விளையாட்டு என்று தனியாக மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, சீட்டுக் குலுக்கிப் போடும் ராஜா ராணி. ஐந்து பேருக்குத் தனித்தனியாக ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று அனுப்புங்கள். போலீஸ் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். சாட்டின் தனிச்செய்தியில் அனுப்பினால் ஒரு தடவையாவது 'எல்லோருக்கும்' என்று மாறிப்போய்த் திருடன் அம்பலமாவார். அதனால் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புவது மேல். இன்னொன்று சொற்சங்கிலி. கடைசி எழுத்தில் தொடங்கு என்றால் தமிழில் இரண்டாவது சொல்லிலேயே சிக்கும். 'வீடு' என்று முடித்தால் அடுத்தவர் 'டு'வுக்கு எங்கே போவார்? ட, ண, ழ, ள, ற, ன இவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. எழுத்தை விட்டுவிட்டுக் கடைசி உயிரோசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பால், மாடு, குதிரை, தையல், மரம், கடல். சங்கிலி அறுபடவே அறுபடாது. குழுவில் ஒரே ஒரு மலையாளி இருந்தாலும் இந்த விளையாட்டைத் தள்ளிவையுங்கள். நாம் சிரிப்பதை அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. "எல்லாரும் வீடியோ ஆன் பண்ணுங்க, அப்பதான் எனர்ஜி இருக்கும்" என்பது கட்டளையாக ஆகிவிட்டது. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் வீடியோ களைப்புக்கு நான்கு காரணம் சொல்கிறார்: மிக நெருக்கத்தில் விடாமல் முகம் பார்ப்பது, தன் முகத்தையே தான் பார்த்துக்கொண்டிருப்பது, அசைய முடியாமல் உட்கார்வது, தலையசைப்பு போன்ற சைகைகளை அனுப்பவும் படிக்கவும் கூடுதலாக மெனக்கெடுவது. இதில் நமக்குள்ள இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தினம் 1.5 ஜிபி பேக்கில் வேலை செய்கிறவருக்கு வீடியோ என்பது செலவு. கேமராவை அவரவர் விருப்பத்துக்கு விட்டு, போட்டவர்களுக்குத் தன் முகம் தன் திரையில் மட்டும் தெரியாமல் மறைத்துக்கொள்ளும் வசதியைச் சொல்லிக்கொடுங்கள்.

நேரமும் அப்படித்தான். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்கள் காபியோடு புத்துணர்ச்சியாக உட்கார்ந்து "குட் மார்னிங், என்ன பிளான் இன்னைக்கு?" என்று ஆரம்பிக்கும்போது இந்தப் பக்கம் குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த அழைப்பில் ஐஸ்பிரேக்கர் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பேசுவதைவிட டைப் செய்வதாக இருக்க வேண்டும். ஸ்டாண்ட்அப் எனப்படும் தினசரிக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். சர்வர் விழுந்து கிடக்கும்போதும், ஆட்குறைப்புச் செய்தி வந்த வாரத்திலும், குழுவில் ஒருவர் வீட்டில் சாவு நடந்திருக்கும்போதும் நடத்தாதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் காலண்டரில் போட்டுவிட்டோமே என்று நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேசும் சுற்று நடத்தும்போது முதல் பதில் உங்களுடையதாக இருக்கட்டும், எட்டு விநாடிக்குள் முடியட்டும். லீட் இரண்டு நிமிடம் பேசினால் அடுத்தவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று நினைப்பார். லீட் அருமையான கதை சொன்னால் அடுத்தவர் வாயடைத்துப்போவார். "'இ' அழிஞ்சுபோச்சு, மூணு வருஷமா குத்துமதிப்பா தட்டிட்டு இருக்கேன்" என்ற அளவு போதும். 'பாஸ்' சொல்லலாம் என்பதைக் கேள்விக்கு முன்பே சொல்லுங்கள், நீங்களே எப்போதாவது ஒருமுறை 'பாஸ்' சொல்லிக்காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சலுகையை யாரும் நம்ப மாட்டார்கள். 'பாஸ்' சொன்னவரிடம் "அட, சும்மா சொல்லுங்க" என்று ஒருமுறை இழுத்தீர்களானால் அதோடு அது செத்தது.

முடிந்ததும் "சரி, ஃபன் முடிஞ்சது, இப்ப வேலைக்கு வருவோம்" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். அதுவரை பேசியது வேலைக்கு ஆகாதது என்று நீங்களே முத்திரை குத்துகிறீர்கள். சாட்டில் பதில் எழுதி, ஆனால் இன்னும் குரல் கேட்காத ஒருவரிடம், அவருக்குத் தெரிந்த விஷயமாகப் பார்த்து, நிகழ்ச்சி நிரலின் முதல் கேள்வியைக் கொண்டுபோங்கள். "ஜன்னல்ல மயில் கத்துதுன்னு எழுதியிருந்தீங்களே யாழினி, அந்த பில்டு நேத்து எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் அன்மியூட் செய்யும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

இப்படிக்கு,
ஆன்லைன் கூட்டங்களை நடத்திக்கொடுப்பவர்கள்